சகாயமேரியின் இரண்டு உயில்கள்

2005 ஏப்ரல் 11ஆம் தேதி, திங்கட்கிழமை, மரக்காணம் சார் பதிவாளர் அலுவலகத்தில் ஓர் உயில் பதிவாயிற்று. எழுதி வைத்தவர் சகாயமேரி, வயது ஐம்பத்தெட்டு, உப்பளத் தொழிலாளி. தன் ஓட்டு வீட்டையும் அது நிற்கும் மனையையும் தன் காலத்துக்குப் பிறகு உப்பளத் தாய்மார் நலச் சங்கம் அடைய வேண்டும் என்பது அதன் சாரம்.

கைத்தாங்கலாக அழைத்து வந்தவள் திரௌபதி. இருவரும் இருபது வருடம் ஒரே அளத்தில் உப்பு வாரியவர்கள். கையெழுத்தும் ரேகையும் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் திரௌபதி நினைத்தாள். அலுவலகத்துக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டிருந்த பத்திர எழுத்தர் பக்தவச்சலம், இருவருக்கும் டீ சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தார்.

“ஒரு விசயம் சொல்லணும்மா. நீங்க கிறிஸ்டியன்தானே?”

“ஆமாங்க. வேதக்காரங்கதான்,” என்றாள் சகாயமேரி.

“உங்களுக்குன்னு ஒரு சட்டம் இருக்குது. அண்ணன் புள்ள, தம்பி புள்ளன்னு ரத்த சொந்தம் இருக்கற கிறிஸ்டியன் தர்மத்துக்கு சொத்து எழுதினா, எழுதின தேதியிலேர்ந்து பன்னண்டு மாசம் உயிரோட இருக்கணும். நடுவுல ஒண்ணு ஆயிடுச்சின்னா உயில் செல்லாது. சொத்து சொந்தக்காரனுக்குப் போயிடும்.”

திரௌபதி சிரித்துவிட்டாள். “இன்னாய்யா இது? சாவறவங்கதானே உயில் எழுதுவாங்க? ஒரு வருசம் தவணை குடுன்னு எமன்கிட்ட போய்க் கேக்கணுமா?”

“சிரிக்காதம்மா. வெள்ளக்காரன் போட்டது. சாவப் போற நேரத்துல நரகம் கிரகம்னு பயமுறுத்தி சாமியாருங்க எழுதி வாங்கிடக் கூடாதுன்னு போட்டிருக்கான். இந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கற வேற எவனுக்கும் இது தெரியாது.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

“எழுதறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு இன்னா?”

“முன்னாடி சொன்னா மட்டும்? இருக்கற வழி இது ஒண்ணுதானே. உயிரோட இருக்கும்போதே தானமா எழுதிக் குடுத்தா ஸ்டாம்புக்கே வீட்ட விக்கணும். ஈ.சி.ஆர். ஓரத்து மனை. கவர்மெண்டு மதிப்பு எங்கியோ போயிடுச்சி. உயில கவர்ல போட்டு சீல் வச்சி திண்டிவனம் பெரிய ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒப்படைக்கறத நான் பாத்துக்கறேன். உயிரோட இருக்கறத நீங்க பாத்துக்குங்க.”

சகாயமேரி டீயைக் குடிக்கவில்லை. டம்ளரின் சூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுவரைக்குங்க?”

“அடுத்த வருசம் ஏப்ரல் பன்னண்டு விடியட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.”

போன மாதம்தான் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, அறுத்துப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் திரௌபதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தீபாவளி தாண்டுவது கஷ்டம் என்றும் சொன்னார். திரௌபதி அதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் சகாயமேரி உயில் எழுத வந்திருக்க மாட்டாள்.

அந்த வீடு, அளத்துக்குப் போகும் மண்பாதை பிரிகிற முனையில் இருந்தது. அளத்துப் பெண்களிடையே முன்பு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைமுறை என்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள் எல்லாருடைய பிள்ளைகளையும் ஒரு நாளைக்கு ஒருத்தி பார்த்துக்கொள்வாள். அவளுடைய பாத்தியை மற்றவர்கள் சேர்த்து வாரிவிடுவார்கள். அவளுக்கும் கூலி விழும். சகாயமேரிக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் அடுத்தவர்களின் முறையைக் கேட்டு வாங்கி அவள்தான் அதிகம் பார்த்தாள். அளத்தைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர், உப்பு வாரும் பலகையைப் பிடிக்காதவளுக்குக் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைமுறை நின்றது. வரப்பில் குடையை நட்டு அதன் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு எல்லாரும் பாத்தியில் இறங்கினார்கள். குப்பம்மாளின் மகன் அருண்ராஜ் அப்போதுதான் நடை பழகுகிறவன். வரப்பு சறுக்கி, உப்பு கட்டத் தொடங்கியிருந்த பாத்தியில் குப்புற விழுந்தான். தூக்கிய பிறகும் நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

மறுநாள் சகாயமேரி அளத்து வேலையை விட்டாள். பிள்ளைகளைத் தன் வீட்டில் கொண்டுவந்து விடச் சொன்னாள். பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கஞ்சிக்கும் பாலுக்கும் வழி செய்தார்கள். சங்கம் பதிவு செய்ததும் அதற்காகத்தான். திரௌபதி செயலாளர். அவளுடைய மகள் ஜெயாவும் அளத்துக்குப் போகிறவள். ஜெயாவின் குழந்தை அஸ்வினி அந்த வீட்டுச் சிமெண்டுத் தரையில்தான் தவழப் பழகினாள்.

வீடு போனால் பிள்ளைகள் மறுபடி வரப்புக்குப் போவார்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சகாயமேரிக்கு மிஞ்சியிருந்த ஒரே ரத்த சொந்தம் அண்ணன் மகன் ஜான்சன். பொம்மையார்பாளையத்தில் மனை புரோக்கர். சுனாமி வந்தபோது கடலோரத்து விலை ஒரு மாதம் படுத்தது. பிறகு முன்பைவிட வேகமாக எழுந்தது. சென்னையிலிருந்து கார்கள் வந்து மண்பாதை முனையில் நின்றன. ஆட்கள் இறங்கி, உப்புக் குவியல்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்த ஓட்டு வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் ஜான்சன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான்.

“எப்படி இருக்கீங்க அத்தே?”

“உனக்கு வேண்டாத மாதிரி இருக்கேன்.”

“ஏன் அத்தே இப்படிப் பேசறீங்க?”

திரௌபதி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். “ஏம்பா ஜான்சா, பாத்து வாங்கியாப்பா. இதைக் குடிச்சே ஒங்க அத்த ஏப்ரல் வரைக்கும் வந்துடப் போவுது. அப்புறம் ஹார்லிக்ஸ் காசும் போச்சி, மனையும் போச்சி.”

அவன் சிரிக்க முயன்றான். “பக்தவச்சலம் சார் எல்லாம் சொன்னாருக்கா. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. சட்டம் எப்படிச் சொல்லுதோ அப்படி.”

“டேய், அந்தப் புள்ளைங்க எங்கடா போவும்?” என்றாள் சகாயமேரி.

“அதுங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்க அத்தே. இந்த வீட்டுக்கு மேல ஏறி ஓடு மாட்டினது யாரு? எங்கப்பாதானே? கூலி குடுத்தீங்களா? கூடப் பொறந்தவன்னு செஞ்சாரு. இப்ப நான் யாரோவாயிட்டேன்.”

அவன் சொன்னது பொய் இல்லை.

அவன் போன பிறகு ஹார்லிக்ஸைக் கரைத்துக் கொண்டுவரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். குமட்டியதை அடக்கிப் பாதியை உள்ளே நிறுத்தினாள். அந்த வருடம் முழுக்க அவள் செய்த வேலை அதுதான். கேழ்வரகுக் கஞ்சி, முட்டை, மீன் குழம்பின் தெளிவு, எது தொண்டையில் இறங்குமோ அது. வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் கேட்பாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரையை மட்டும் தொடமாட்டாள்.

“போட்டா தூக்கம் வந்துடுது துரோபத. தூங்கினா கஞ்சி எறங்கல. கஞ்சி எறங்கலன்னா இன்னா ஆவறது?”

“வலியில கத்தறியே, பக்கத்து வூட்டுக்காரங்க காத பொத்திக்கறாங்க.”

“பொத்திக்கட்டும்.”

புடவை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் இருக்கும்போது அதைக்கூடச் செய்வதில்லை. சத்தமில்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். அஸ்வினி தவழ்ந்து வந்து அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அந்தக் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டிருப்பாள்.

தீபாவளி போயிற்று. அடுத்த நாள் கல்லறைத் திருநாள். சகாயமேரியை நாற்காலியோடு தூக்கிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கணவர் ஆரோக்கியராஜின் குழிக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். பக்கத்தில் அவளுக்கென்று விட்டிருந்த இடத்தில் புல் மண்டியிருந்தது. அதையும் பிடுங்கச் சொன்னாள்.

“இப்பவே இன்னா அவசரம்?” என்றாள் திரௌபதி.

“ஏப்ரலுக்கு மேல வரேன்னு சொல்லி வச்சிட்டுப் போறேன்.”

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் அளம் முழுக்க ஒரே நீராகக் கிடந்தது. வேலை இல்லாததால் பெண்கள் முறை வைத்துச் சகாயமேரியின் பக்கத்தில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவளால் எழுந்து உட்கார முடிந்தது. பொங்கலுக்கு முடியவில்லை.

பொங்கல் கழிந்து திரௌபதி அவளை மறுபடி புதுச்சேரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கவில்லை. போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. வலி இல்லாம பாத்துக்கங்க.”

“ஏப்ரல் பன்னண்டு வரைக்கும் இருக்குமாங்க?”

“ஏன், அன்னைக்கு என்ன?”

திரௌபதி சொன்னாள். டாக்டர் சட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “மாசக் கணக்கெல்லாம் இல்லம்மா,” என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிச் சகாயமேரியைக் கட்டிலில் கிடத்தியதும் திரௌபதி தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பக்தவச்சலத்தின் கொட்டகைக்குப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“ஐயா, எதாவது ஒரு வழி சொல்லுங்க. தேதிய முன்னாடி மாத்திப் போட முடியுமா?”

“பதிவான பத்திரத்துல தேதிய மாத்தறதா? உள்ள தூக்கி வச்சிடுவாங்க.”

“வேற சட்டம் எதுவும் இல்லியா? இதே நான் எழுதியிருந்தா எத்தினி மாசம்?”

“உனக்கு ஏது மாசம்? நீ இந்து. இன்னிக்கி எழுதிட்டு நாளைக்கிச் செத்தாலும் செல்லும்.”

அன்று சாயங்காலம் வெந்நீரில் துணி நனைத்துச் சகாயமேரியின் முதுகைத் துடைத்தபடி திரௌபதி அதைச் சொன்னாள். துடைக்கிற கைக்கு ஒவ்வோர் எலும்பும் தட்டுப்பட்டது. பேச்சை எப்படியாவது லேசாக்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

“பேசாம எங்க சாமியக் கும்புட்டிருந்தீன்னா இந்தத் தொல்லையே இல்லக்கா.”

சகாயமேரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

“இப்பக் கும்புட்டா?”

“வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா.”

“நான் வெளையாட்டுக்குக் கேக்கல.”

அவர்கள் இருந்த காலனியில் அது கேள்விப்படாத காரியம் இல்லை. மாதா கோயிலில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று பல வீடுகளில் உண்டு. எஸ்.சி. சலுகையில் கல்லூரியில் இடம் வாங்கவும் அரசு வேலைக்கு மனுப்போடவும் பையன்கள் புதுச்சேரிக்குப் போய் ஒரு சபையில் இந்துவாக மாறிச் சான்றிதழ் வாங்கி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பூசைக்கு வருவார்கள். ஜான்சனிடமும் அப்படி ஒன்று இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சகாயமேரியிடமும் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் ஆயம்மா வேலை காலியாக இருந்தபோது, அந்தச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அளத்துக்குப் போனாள்.

பக்தவச்சலம் யோசித்துப் பார்த்து, செய்யலாம் என்றார். பிறகு திரௌபதியைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

“ஆனா காயிதம் மட்டும் போதாதும்மா. பசங்க காயிதத்துல இந்து, கோயில்ல கிறிஸ்டியன். அவங்கள யாரும் கேக்கப் போறதில்ல. இவங்கள ஜான்சன் கேப்பான். எங்க அத்த சாவற வரைக்கும் வேதக்காரிதான், இது டூப்புன்னு கோர்ட்டுக்குப் போவான். அதனால இன்னையிலேர்ந்து சாமியார் வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஜெபமாலை இருக்கக் கூடாது. அவஸ்தை பூசக் கூடாது. கல்லறையில வைக்கவும் கூடாது. எரிக்கணும். இதுல ஒண்ணு தவறினாலும் எல்லாம் போச்சி.”

சாகக் கிடக்கும் வேதக்காரருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிச் செபிப்பதைத்தான் அவஸ்தை பூசுவது என்பார்கள். அது இல்லாமல் போவதைவிடப் பயப்பட வேண்டிய சாவு இல்லை என்று சகாயமேரி எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டவள் திரௌபதி. பக்தவச்சலம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் போய்ச் சொன்னாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தாள்.

சகாயமேரி கேட்டுக்கொண்டாள். “எரிக்கறதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆமாக்கா.”

“சரி.”

“வேணாம்க்கா. வேற எங்கனா ஒரு கொட்டாய் போட்டுக்கலாம். புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்.”

“எந்த எடத்துல போடுவ? உன் பாத்தி வரப்புலயா?”

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு வேனின் பின்சீட்டில் மெத்தையைப் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். சபையின் கூடத்தில் சிறிய ஓமகுண்டம் வைத்திருந்தார்கள். புகை பட்டதும் சகாயமேரிக்கு இருமல் வந்து அடங்கவில்லை. அங்கிருந்த பெரியவர் நல்ல மனிதர். புகையைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

“உங்க சொந்த விருப்பத்துலதானேம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?”

“இல்லீங்க.”

“என்ன பேரு வச்சிக்கறீங்க?”

“முத்தம்மா.” ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் அவளுடைய அம்மாவுக்கு இருந்த பெயர் அது.

திரும்பும் வழியிலேயே இரண்டாவது உயில் பதிவாயிற்று. அவளை இறக்க முடியாது என்று சொன்னதும் சார் பதிவாளரே வேனுக்கு வந்து விசாரித்துவிட்டு ரேகை வாங்கிக்கொண்டார். சகாயமேரி என்கிற முத்தம்மாள் என்று எழுதியிருந்தது. வாசகம் முதல் உயிலில் இருந்ததேதான்.

வீட்டுக்கு வந்ததும் திரௌபதி சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைக் கழற்றினாள். தலையணைக்கடியில் இருந்த ஜெபமாலையை எடுத்துத் துணியில் சுற்றித் தன் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்தாள். கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றப் போனபோது முடிச்சு அவிழவில்லை. சகாயமேரியே கயிற்றைத் தலைவழியே எடுத்து நீட்டினாள்.

“கீழ போட்றாத.”

அன்று முதல் அவள் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வாள் என்று திரௌபதி நினைத்தாள். இனித் தேதி எதுவும் இல்லையே. ஆனால் சகாயமேரி அப்போதும் மாட்டேன் என்றாள்.

“மாத்திர போட்டா ஒளறுவேன். வாயில இன்னா வருமோ. யாரு கேப்பாங்களோ.”

சேதி பங்குச் சாமியாருக்குப் போனது. அவர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். திரௌபதி உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு ஜன்னலில் நின்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க ஏன் இதைச் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும்மா,” என்றார் சாமியார். “நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ரெண்டு நிமிஷம். கதவை மட்டும் திறங்க.”

“வேணாம் சாமி.”

“இங்கிருந்தே ஜெபம் பண்ணிட்டுப் போகட்டுமா?”

“பண்ணாதீங்க சாமி. தெருவே பாக்குது. உங்க கால்ல வேணா விழறேன். போயிடுங்க.”

உள்ளே கட்டிலில் சகாயமேரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சாமியார் கையில் இருந்த சின்னப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார். மண்பாதை தாண்டிய பிறகுதான் அதைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

“போயிட்டாரா?”

“போயிட்டாருக்கா.”

“கோவமா?”

“இல்லக்கா. கோவம் இல்ல.”

ஜான்சன் கடைசியாக வந்தபோது கூட ஓர் ஆளைக் கூட்டிவந்தான். ஃபிரெண்டு என்றான். அந்த ஆள் உட்காரவில்லை. சுவரில் படம் கழற்றிய இடத்தில் வெளுப்பாகத் தெரிந்த சதுரத்தைப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மாடத்தைப் பார்த்தார். சகாயமேரிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஜான்சன் அவள் கையைப் பிடித்து, “அத்தே, நான் ஜான்சன் வந்திருக்கேன்,” என்றான்.

வலி வந்தது. அவள் உடம்பு வில்லாக வளைந்து தளர்ந்தது. கண் திறக்காமலே உதடு அசைந்தது.

“அருள் நிறைந்த…”

திரௌபதி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“இன்னாக்கா பண்ற?” ஜான்சன் எழுந்துவிட்டான். “கைய எடு. மூச்சு முட்டுதுக்கா!”

“வலியில பேத்துது. நீ ஒக்காரு.”

“ஜெபம் சொல்றாங்கக்கா. சொல்லட்டும் விடு!”

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். உதடு மறுபடி அசைந்தது. வந்த ஆள் கட்டிலை நெருங்கிக் காதைக் கொடுத்துக் குனிந்தார். திரௌபதி ஜான்சனை உதறிவிட்டு மறுபடியும் பொத்தினாள். உள்ளங்கையில் சூடான மூச்சும் அசைகிற பல்லும் தெரிந்தன. தான் ஒரு கொலை செய்துகொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. அப்போது போர்வைக்குள்ளிருந்து சகாயமேரியின் கை எழுந்து வந்தது. விலக்கத்தான் வருகிறது என்று நினைத்துத் திரௌபதி தன் கையைத் தளர்த்தினாள். அந்தக் கை விலக்கவில்லை. திரௌபதியின் கைமேல் படிந்து, இருந்த பலத்தையெல்லாம் வைத்து அதைத் தன் வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டது.

ஜான்சன் பின்னால் நகர்ந்தான். “நீ வெளிய போய்யா,” என்று கூட வந்த ஆளிடம் சொன்னான். அந்த ஆள் போனார். சற்று நேரம் நின்றிருந்துவிட்டு அவனும் போனான்.

மறுநாள் காலையில் சகாயமேரி இறந்தாள். பிப்ரவரி இன்னும் முடியவில்லை.

கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. ஜான்சன் தனியாக வந்தான். ஷேவ் செய்யாத முகத்தோடு வாசலில் நின்று திரௌபதியைக் கூப்பிட்டான்.

“அக்கா, எங்கிட்ட குடுத்துடுங்க. மாமா பக்கத்துல வச்சிடறேன். சாமியார் சரின்னுட்டாரு. வீட்டப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம் இன்னா பேசுவ? கல்லறையில வச்சோம், அதனால கிறிஸ்டியன்னு பேசுவியா?”

“எங்க அத்தக்கா.”

“எனக்கு யாரு அது? போப்பா.”

அவன் அழுதான். அது துக்கமா, கணக்கா என்று திரௌபதிக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பிறகும் தெரியவில்லை. அவளுடைய புருசன் அப்பாவு கொள்ளி வைத்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லாததால் திரௌபதி பாதை முனைவரைக்கும் போய் நின்றாள். அங்கிருந்து புகை தெரிந்தது. காற்று கடல்பக்கத்திலிருந்து அடித்ததால் புகை பாத்திகளின் மேலாகவே போனது. அங்கே வேலைக்குப் போயிருந்த பெண்கள் பலகையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

ஒரு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சாகும் தறுவாயில் நினைவு தப்பிய பெண்ணை மதம் மாற்றி எழுதி வாங்கிய உயில் செல்லாது, அவர் கடைசிவரை கிறிஸ்தவர், முதல் உயிலும் பன்னிரண்டு மாதம் முடியாததால் செல்லாது, ஆகவே சொத்து முழுவதும் ஜான்சனுக்கே உரியது என்று அதில் இருந்தது. திரௌபதி அதையும் இரண்டு உயில்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு பெண் வக்கீலிடம் போனாள். கதை முழுவதையும் சொன்னாள். வாயைப் பொத்தியதை மட்டும் சொல்லவில்லை.

வக்கீல் நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

“இந்தப் பன்னண்டு மாசம்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“பத்திரம் எழுதறவரு. பக்தவச்சலம்னு. எங்க ஊருல அவருக்கு மட்டுந்தான் தெரியும்.”

“அவர் வச்சிருக்கறது பழைய புத்தகமா இருக்கும். இந்த நோட்டீஸ் போட்டவரும் பாக்கலபோல. அந்தப் பிரிவு இப்ப இல்லம்மா. கிறிஸ்டியனுக்கு மட்டும் இப்படி ஒரு தடை வைக்கறது சமத்துவத்துக்கு விரோதம்னு சுப்ரீம் கோர்ட் எடுத்துடுச்சி.”

“எப்பங்க? இப்பவா?”

“ரெண்டாயிரத்து மூணுல. ஜூலையில.”

திரௌபதிக்கு உடனே புரியவில்லை. வக்கீல் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். “முதல் உயில் எழுதறதுக்கு ஏறக்குறைய ரெண்டு வருஷம் முன்னாடியே அந்தச் சட்டம் போயிடுச்சி. எழுதின மறுநாள் அவங்க இறந்திருந்தாலும் அது செல்லும். இந்துவா, கிறிஸ்டியனாங்கற கேள்வியே இதுல வராது. ரெண்டு உயில்ல எது நின்னாலும் வீடு சங்கத்துக்குத்தான். நீங்க பயப்பட வேண்டாம்.”

“அப்போ சாமியார உள்ள விட்டிருக்கலாமா?”

“என்னம்மா?”

“அவஸ்தை பூச வந்தாரு. கல்லறையிலயும் வச்சிருக்கலாமா?”

வக்கீல் பேனாவை மூடினார். “வச்சிருக்கலாம்,” என்றார்.

திரௌபதி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். வக்கீலின் குமாஸ்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் எடுக்கவில்லை. அடுத்து வந்த கட்சிக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மத்தியானம் வரை அங்கேயே இருந்தாள். பிறகு பஸ் ஏறினாள்.

மரக்காணத்தில் இறங்கியதும் பக்தவச்சலத்தின் கொட்டகைக்கு எதிரே வந்து நின்றாள். அவர் யாருக்கோ விற்பனைப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “இன்னாம்மா, வக்கீல் இன்னா சொன்னாங்க?” என்றார்.

“வீடு நமக்குத்தானாம்.”

“பாத்தியா? நான் சொன்ன மாதிரி செஞ்சதால ஆச்சு.”

அவள் மண்பாதைப் பக்கம் நடந்தாள்.

வக்கீல் ஏப்ரலில் பதில் நோட்டீஸ் அனுப்பினார். ஜான்சன் வழக்குப் போடவில்லை. 2006 ஜூலையில் வீட்டு வரி உப்பளத் தாய்மார் நலச் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது.